பன்னிரண்டாவது வாத்து

“யார் பண்ணின வேலை இது?”

விலை மதிப்பிட வந்த ஹார்மன், மரவாத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். புதுப் பெயின்ட் வாசனை.

சமையலறை மேஜைமேல் பதினொரு வாத்துகள், கல்யாணத்துக்குக் கிளம்பினதுபோல பளபளவென்று.

நெட்டி அடுப்போரமாக நின்றிருந்தாள். புருஷன் எல்வுட்டை அடக்கம் பண்ணி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

நாத்தனார் கோரின் பேசினாள். பேசுவதற்கு அவளை யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

“வேற யாரு? இவளேதான்! சுத்தம் சுத்தம்னு உயிரை விடுறவ. விட்டா கடலுக்கே சோப்புப் போடுவா. ஏண்டி, எங்கப்பா கையால செதுக்கின வாத்துடி அது!”

அந்த விரிகுடாப் பக்கம் வேட்டைக்காரர்கள் மரவாத்துகளைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காத்திருப்பார்கள். மேலே பறக்கிற நிஜ வாத்து, கூட்டாளிகள் இருக்கிறார்களே என்று நம்பி இறங்கும். துப்பாக்கி வெடிக்கும். கோரினின் அப்பா செதுக்கியவற்றை இப்போது யாரும் தண்ணீரில் விடுவதில்லை. கண்ணாடி அலமாரியில் வைக்கிறார்கள், கார் வாங்குகிற காசைக் கொடுத்து. ஒரே நிபந்தனை, பழைய பெயின்ட் பழையபடி இருக்க வேண்டும்.

“மார்ச்ல வந்தப்பவே சொன்னேனே நெட்டி.” ஹார்மன் குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “ஈரத்துணிகூடப் படக் கூடாதுன்னு. அன்னிக்கு நாப்பதாயிரம் டாலர் தேறியிருக்கும். இன்னிக்கு இதை பாத்ரூம்ல அழகுக்கு வைக்கிறவங்கதான் வாங்குவாங்க.”

அந்தப் பணத்தில்தான் வீட்டை ஜாக்கி போட்டு உயர்த்துவதாக இருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடல் சமையலறைவரை வந்து எட்டிப் பார்க்கிறது. நெட்டி ரப்பர் பூட்ஸோடு நின்று சமைக்கிறாள். இன்னொரு குளிர்காலத்தை வீடு தாங்காது என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். விற்கலாமென்றால், தண்ணீரில் நிற்கிற வீட்டை எந்தப் புத்திசாலி வாங்குவான்?

“மூழ்கிப் போ. உனக்கு வேணும்!” என்றாள் கோரின்.

“கொஞ்சம் இரு கோரின்.” ஹார்மன் ஒரு வாத்தை வெளிச்சத்தில் பிடித்தார். “இதுக்கு ஒரே பக்கத்துல ரெண்டு கண்ணு வரைஞ்சிருக்கு. நெட்டி, இது நீ அடிச்சதில்ல.”

நெட்டி ஏப்ரனில் கையைத் துடைத்தாள். கையில் ஈரம் இல்லை.

“எல்வுட்.”

கோரின் அந்த வாத்தை வாங்கிப் பார்த்தாள்.

“எல்லாம் மறந்துபோச்சு அவருக்கு. என்னையே ‘யாரும்மா நீங்க, இருட்டப் போகுது, உங்க வீட்டுல தேட மாட்டாங்களா’ம்பார். ஆனா வேட்டை சீசன் வருதுங்கிறது மட்டும் எப்படியோ தெரிஞ்சுது. சீசனுக்கு முன்னாடி தன் வாத்துக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிற மனுஷனாச்சே. அதெல்லாம் எப்பவோ வித்தாச்சு. மிச்சம் இருந்தது மாமனாரோடது மட்டும்தான். ‘பெயின்ட் எங்கே, பிரஷ் எங்கே’ன்னு அழுதார்.”

“அழுதா எடுத்துக் கொடுத்துடுவியா? விலை தெரியாதா உனக்கு?”

“தெரியும். டப்பாவை நான்தான் திறந்து கொடுத்தேன். பிரஷைப் பிடிச்சதும் கை நடுக்கம் குறைஞ்சுது. சாப்பிட்டார், தூங்கினார். இதோ, அடுப்புப் பக்கமா கட்டிலைப் போட்டு, மடியில ஒரு வாத்தை வெச்சுக்கிட்டு...”

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?”

“பண்ணினேன். நீ கப்பல்ல சுற்றுலா போயிருந்தே.”

கோரின் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

ஹார்மன் மெல்லக் கேட்டார். “மொத்தம் பன்னிரண்டு இருந்துதே?”

நெட்டி ஸ்டூலில் ஏறி, மேல் அலமாரியிலிருந்து நண்டு அவிக்கிற பெரிய பானையை இறக்கினாள். உள்ளே ஒரு பழைய துண்டு. துண்டுக்குள் ஒரு வாத்து. மங்கின செந்தலை, வெடித்த வெள்ளை முதுகு, வாலில் குண்டு உரசின தழும்பு. யாரும் தொடாத பழைய பெயின்ட்.

ஹார்மனின் கை குழந்தையை வாங்குவதுபோல நீண்டது.

“நெட்டி! எல்லாத்துலயும் உசத்தி இதுதான். ஏலத்துல இது ஒண்ணே பதினஞ்சாயிரம் போகும். கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கொடுத்துடலாம்!”

“அப்பாடா!” கோரின் ஓடி வந்து நெட்டியின் தோளைப் பிடித்தாள். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. “இந்த ஒண்ணுலயாவது உன் மூளை வேலை செஞ்சுதே. இதுக்காக உன்னைப் பாராட்டத்தான் வேணும்.”

நெட்டி ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அந்தப் பதினொண்ணுக்கு நான் வருத்தப்படல கோரின். இதுக்குத்தான்.”

“என்னடி சொல்றே?”

“வீட்டை நினைச்சு இதை மட்டும் ஒளிச்சு வெச்சேன். என் பேர் மறந்த மனுஷனுக்கு எண்ணிக்கை மறக்கல. தினமும் எண்ணுவார். ‘ஒண்ணு குறையுதும்மா. கயிறு அறுந்து, பாவம், தண்ணியில தனியாப் போயிருக்கும். கொஞ்சம் பாருங்களேன்’பார். நானும் கோட்டை மாட்டிக்கிட்டு, கரையோரமா தேடுற மாதிரி நடந்துட்டு வருவேன். கட்டில்ல எக்கி உட்கார்ந்து ஜன்னல் வழியா பார்த்துட்டே இருப்பார்.”

வாத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஹார்மனின் கை நின்றது.

“கடைசி நாளும் கேட்டார், ‘வந்துடுச்சா?’ன்னு. இந்தப் பானைக்கு நேர் கீழே நின்னுக்கிட்டு, ‘இல்லை’ன்னு சொன்னேன்.”