மூன்றும் சிவப்பு, நாற்பதும் சிவப்பு

"ஏனுங்க மேடம், எங்க தோட்டம் மட்டும் எதுக்குங்க இப்படிச் செவந்து கெடக்குது?"

ராசாத்தி எழுந்தே நின்றுவிட்டாள். நாகலூர் காப்பி விவசாயிகள் சங்கத்தின் சுவரில் நான்கு படங்கள் ஒளிர்ந்தன. நான்கு ஊர், நான்கு தோட்டம். காப்பித் தண்டைக் குடையும் புழு எங்கெங்கே எவ்வளவு என்று சங்கத்தில் வேலை பார்க்கும் புவனா ஒரு மாதம் மலையெல்லாம் சுற்றிக் கணக்கெடுத்து, லேப்டாப்பில் போட்ட படங்கள். பச்சை என்றால் குறைவு, சிவப்பு என்றால் அதிகம். பேர் போட்டால் மனஸ்தாபம் வரும் என்று நம்பர் மட்டும்தான். அவரவர் நம்பர் அவரவருக்குத் தெரியும்.

ராசாத்தியின் இரண்டாம் நம்பர் முழுக்கச் சிவப்பு. நாலாம் நம்பரோ பச்சைப் பசேல். மூலையில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு.

"அதிகமா இருக்கற தோட்டத்த வேரோட புடுங்கி எரிச்சாத்தான் மத்ததெல்லாம் தப்பிக்கும்னு போன கூட்டத்துலயே முடிவு பண்ணியாச்சு," என்றார் தலைவர் அன்பழகன். "ரெண்டாம் நம்பர்னு எழுதிட்டேன். நாளைக்கு ஆளு வரும்மா."

அறுநூறு செடி. அவளும் புருஷனும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்தது. மறுபடி நட்டால் காய்ப்புக்கு வர நாலு வருஷம். அழுகையை விழுங்கிக்கொண்டு ராசாத்தி சுவரருகே போனாள். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு வண்ணப் பட்டை, அதில் எண்கள்.

"மேடம், இதென்னங்க? எங்களுதுல செவப்புக்கு நேரா மூணுன்னு போட்டிருக்குது. நாலாம் நம்பர்ல அதே செவப்புக்கு நேரா நாப்பது!"

"நூறு செடிக்கு எத்தனை செடியில புழுன்னு அர்த்தங்கக்கா…" என்று ஆரம்பித்த புவனா, பாதியில் நிறுத்தினாள்.

"அப்ப மூணும் செவப்பு, நாப்பதும் செவப்பா? ஊட்டுக்கு ஒரு படி வெச்சு அரிசி அளந்தா எப்படிங்க?"

புவனாவின் முகம் வெளுத்தது. "தப்பு என்னுதுதாங்கக்கா. நாலு படத்துக்கும் ஒரே அளவு நான் குடுத்திருக்கணும். குடுக்கல. சாஃப்ட்வேர் அதுவா படத்துக்குப் படம் தனித்தனியா வெச்சுக்கிச்சு."

"எழுதியாச்சு, விடும்மா," என்றார் அன்பழகன், கடிகாரத்தைப் பார்த்து. "நாலாம் நம்பர்காரர் யாரோ, கூட்டத்துக்கே வரல. படத்துல பச்சையாத்தான இருக்குது?"

கீபோர்டின் மேல் புவனாவின் விரல்கள் அப்படியே நின்றன. 'என்ன யோசனை இந்தப் புள்ளைக்கு?' என்று ராசாத்திக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பிறகு புவனா தட்டினாள். நாலு படத்துக்கும் பூஜ்ஜியம் முதல் பத்து வரை ஒரே அளவு; பத்தைத் தாண்டினால் எல்லாமே சிவப்பு.

சுவர் ஒருமுறை சிமிட்டியது. இரண்டாம் நம்பர் இளம்பச்சையாகிவிட்டது. ஒன்றும் மூன்றும் பச்சை. நாலாம் நம்பரில் மட்டும் மஞ்சளும் சிவப்புமாகத் தீ பிடித்த மாதிரி இருந்தது.

"நொம்ப நல்லா இருப்பே கண்ணு!" ராசாத்தி புவனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுகணமே மனசு கேட்கவில்லை. "பாவம், அந்த நாலாம் நம்பர்காரங்க எப்படித் தாங்குவாங்களோ."

அன்பழகன் பழையதை அடித்துவிட்டு எழுதினார். "அவருக்கு யாரு சொல்றது?"

"நானே சொல்லிடறேங்க," என்று புவனா போனை எடுத்தாள்.

எதிர்முனையில் குரல் கேட்டது.

"அப்பா… நாளைக்கு நம்ம தோட்டத்துக்குத்தான் ஆளு வராங்கப்பா."