அம்மா வாகு

மூச்சை இழுத்துப் பிடித்தும் கோட்டின் நடுப் பொத்தான் ஓட்டைக்கு எட்டவில்லை. நாளை மறுநாள் பல் ஆஸ்பத்திரியில் வருஷக் கடைசி விருந்து.

"அப்பா, நான் குண்டாயிட்டேனா?"

"இதுக்கு என்ன பதில் சொன்னாலும் எனக்கு இன்னிக்குச் சாப்பாடு கிடைக்காது," என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

சின்னவள் சிரிக்கவில்லை. அது அம்மாவின் கோட். கருஞ்சிவப்பு வெல்வெட்.

ஆறு வருஷமாக ஒவ்வொரு வருஷக் கடைசி விடுமுறைக்கும் அதுதான் அவளுக்குப் புதுத் துணி. ஒரு வருஷம் வெள்ளைப் பாவாடையோடு. அடுத்த வருஷம் மேலே அண்ணனின் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு. போன வருஷம் கிழிந்த ஷாலை வெட்டிக் காலராக வைத்து. இருக்கிறதைக் கொண்டே புதுசு மாதிரி காட்டுவதில் கெட்டிக்காரி. அவள் வேலை பார்க்கும் இடத்தில் டாக்டரம்மாவே ஏமாந்துபோய், "எந்தக் கடை?" என்று கேட்டார்.

"கடையெல்லாம் இல்ல டாக்டர். அம்மாவோடது. எனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். அப்படியே அம்மா வாகு எனக்கு."

அம்மா போனபோது அவளுக்கு மூணு வயசு. சுவரில் இருப்பது முகம் மட்டும் தெரிகிற படம். அம்மாவிடமிருந்து தனக்கு வந்தது என்று அவள் சொல்லிக்கொள்ள அந்த உடம்பு வாகு ஒன்றுதான் இருந்தது. அப்பா அதற்கு ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

"அண்ணிகிட்ட கேட்டுப் பாரேன்," என்றார் இப்போது. "அவதானே முதல்ல அலமாரியிலேருந்து எடுத்துக் குடுத்தா."

"அந்தப் பேச்சை எடுக்காதீங்கப்பா."

போன மாதம் அண்ணி தெருமுனையில் வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். பையிலிருந்து கருஞ்சிவப்பு வெல்வெட் எட்டிப் பார்த்தது.

"அம்மா கோட்டை எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

அண்ணி திடுக்கிட்டுத் திரும்பினாள். "சலவைக்கு."

"சலவைக்கடை அந்தப் பக்கம் அண்ணி."

பையைப் பிடுங்கிக் கவிழ்த்தாள் சின்னவள். கோட்டுக்கு அடியில் அவளுடைய நீலச் சட்டையும் மடித்து வைத்திருந்தது.

"ஓ, இதுவுமா? உங்க தங்கச்சிக்கு வேலை கிடைச்சிருக்குன்னீங்களே, அவளுக்கா? சட்டையைக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். எங்க அம்மா பொருள்ல கை வைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?"

அண்ணி எதையோ சொல்ல வாயெடுத்தாள். சின்னவளின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மென்று விழுங்கிவிட்டாள்.

"தப்புத்தான். மன்னிச்சுக்கோ."

அவளே ஒத்துக்கொண்ட பிறகு வேறென்ன பேச்சு. அடுத்த வாரமே அண்ணன் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். விடுமுறைக்காவது வரச் சொல்லி அப்பா போன் பண்ணினார். "அவ வர மாட்டேங்கிறாப்பா. நான் மட்டும் வந்து உட்கார்ந்து சாப்பிடவா?" என்றான்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் வழியில், தெருமுனை தாண்டி இருந்த தையல் கடையில் ஏறினாள் சின்னவள்.

"நாளைக்கு விருந்துன்னா இன்னிக்குக் கொண்டுவந்து நீட்டுறீங்க. நான் தைக்கிறதா, மந்திரம் போடுறதா?" என்று ஆரம்பித்த தையல்காரம்மா, கோட்டைப் பார்த்ததும் வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டார்.

"அட, வந்துடுச்சா. இந்த வருஷம் காணோமேன்னு நினைச்சேன்."

"இந்தக் கோட் உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாக் கேட்டீங்க." உள்துணியைப் பிரித்து ஓரத்தைக் காட்டினார். வரிசை வரிசையாகப் பழைய ஊசித் துளைகள். "முதல் வருஷம் ரெண்டு பக்கமும் நாலு நாலு விரக்கடை உள்ளே பிடிச்சேன். துணியை வெட்டக் கூடாது, மடிச்சுத்தான் தைக்கணும்னு கண்டிஷன். அப்புறம் வருஷா வருஷம் பொண்ணு வளர வளரக் கொஞ்சம் பிரிச்சு விடுவேன். இந்த வருஷம் இன்னும் பிரிக்கல, அந்தப் பொண்ணுக்கு இறுக்கும்." விரலை நகர்த்திக்கொண்டே போய் ஓரத்தில் நிறுத்தினார். "இதுதான் பழைய தையல். போட்டவங்க நல்ல வாட்டசாட்டமா இருந்திருக்கணும்."

சின்னவள் அந்தத் துளைகளைத் தொட்டுப் பார்த்தாள். இப்போதைய தையலுக்கும் அதற்கும் நடுவே இன்னும் ரெண்டு விரற்கடை இருந்தது.

"யாரு கொண்டு வருவாங்க?"

"கண்ணாடி போட்ட ஒரு அம்மா. நாத்தனாருக்காம். அந்தப் பொண்ணுக்குத் தன்னோட அம்மா வாகுன்னு ஒரு நினைப்பாம். 'அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும், தைச்சது மட்டும் தெரியக் கூடாது'ன்னு ஒவ்வொரு வருஷமும் சொல்லிட்டுத்தான் போவாங்க. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

சின்னவள் பிரிந்த உள்துணியை மெல்ல மூடினாள்.

"சரி, நேரமாகுது. அளவு எங்கே?" தையல்காரம்மா பையைத் துழாவினார். "அவங்க எப்பவும் கோட்டோட அந்தப் பொண்ணு போடுற சட்டை ஒண்ணையும் அளவுக்குன்னு மடிச்சு வச்சுக் கொண்டு வருவாங்களே."

அளவுச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் சின்னவள் நின்றிருந்தாள். நீலச் சட்டை.