எலும்பு வளரும் தகடு

நல்லம்பள்ளி பெரியண்ணனின் மனைவி மாதம்மாளுக்குக் கை ஒடிந்தபோது, பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கிய தகட்டை உள்ளே வைத்துத் தைத்தார்கள். அதன்மேல் எலும்பு வளரும், பிறகு தகட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்றார்கள். மறுவருஷமே அவள் காய்ச்சலில் போய்விட்டாள்.

எரித்த மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்கியபோது, சாம்பலில் அந்தத் தகடு பளபளத்தது. எலும்புகளைப் பெரியண்ணன் ஒகேனக்கல்லில் கரைத்தான். தகடு திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருளாயிற்றே என்று வீட்டில் வைத்து, தினமும் அதற்கும் பால் தெளித்தான். பேச்சுத்துணைக்கு அவனுக்கு வேறு யாருமில்லை.

எண்பத்தாறாம் வருஷம் ஆடியில் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரர் ஜீப்பில் நல்லம்பள்ளிக்கு வந்து தகட்டைக் கேட்டார்.

பெரியண்ணன் துணியை விலக்கிக் காட்டினான். மணிக்கட்டு வரை எலும்பு வளர்ந்திருந்தது.

"கொஞ்ச நாள் பொறுங்க சார்," என்றான். "விரல் வந்ததும் ஒருக்கா புடிச்சுப் பாத்துட்டுத் தந்துடறனுங்க."