அழுத குரல்

தெரியாத வெளிநாட்டு நம்பர். லோகநாதன் ஸ்பீக்கரில் போட்டார்.

“ஜெர்மனியிலேர்ந்து உங்க பையன் ஹேமநாத்தோட வக்கீல் பேசறேன் சார். அவரை போலீஸ் பிடிச்சிருக்கு. நான் சொல்ற அக்கவுன்ட்டுக்கு இப்பவே பணம் போட்டாதான் வெளிய எடுக்க முடியும். இல்லன்னா விசா கேன்சல், ஜெயில்தான்.”

சமையலறையிலிருந்து மஹாலட்சுமி ஓடி வந்தாள். “இன்னாங்க இது? நேத்துகூட ‘அண்ணா சாப்பிட்டாரா’ன்னு கேட்டுதானே போனை வச்சான்?”

“புள்ளையப் பேசச் சொல்லுங்க,” என்றார் லோகநாதன்.

விசும்பல் கேட்டது. ஹேமநாத்தின் குரலேதான்.

“அப்பா, பயமா இருக்குப்பா. அடிக்கிறாங்க. சீக்கிரம் அனுப்புங்கப்பா.”

மஹாலட்சுமி சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். லோகநாதன் போனைத் துண்டித்தார்.

“புள்ள அழுவுறான், கட் பண்றீங்களே. உங்களுக்கு இன்னா ஆச்சு?”

“அது நம்ம புள்ள இல்ல மஹா. எவனோ அவன் குரலை கம்ப்யூட்டர்ல செஞ்சு ஏமாத்துறான்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“அனகாபுத்தூர் வூட்ல என் தம்பிங்க மூணு பேரும் கூப்பிடுறதைக் கேட்டு வளர்ந்தவன். என்னிக்காவது என்னை அப்பான்னு கூப்பிட்டிருக்கானா?”

சொல்லிவிட்டாரே தவிர, உடனே மகனின் நம்பரை அழுத்தினார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினார். மஹாலட்சுமி தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஏழாவது மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல் வந்தது.

“இன்னாண்ணா, விடியறதுக்குள்ள போன் பண்றீங்க?”