மயிலின் தோகை

ஒட்டுத்துணிப் போர்வைக்குப் பொறுத்தது போதும் என்றாகிவிட்டது. துவைக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கிற பஞ்சு மொத்தமும் ஒரு மூலைக்கு ஓடிவிடுகிறது. உடம்பெல்லாம் நல்ல தையல் போட்டுக்கொள்ளாமல் திரும்புவதில்லை என்று மெஷின் கடைக்கு வந்துவிட்டது.

அங்கே போர்வையைச் சட்டத்தில் விரித்துவைத்துத் தைக்கிற, நீளமான கை கொண்ட தையல் மெஷின்கள் இரண்டு நின்றன. பெரியது முந்திக்கொண்டது.

"சட்டத்துல சும்மா படுங்கக்கா. உங்க மேல நடந்தே மயில் போட்டுடுவேன். பக்கத்துல இருக்கிறவன் மாதிரி நடுவுல நிக்கிற வழக்கமே நமக்குக் கிடையாது!"

"அப்படியா? அடியில ஓடுற நூலைக் கொஞ்சமா வச்சுக்கிட்டு ஆளுக்கொரு மூலை போடுங்க, பாக்கலாம்" என்றது போர்வை.

பெரியது ஒரே மூச்சில் மயிலை முடித்தது. தோகை பளபளத்தது. போர்வை நூல்முனையைப் பிடித்து மெல்ல இழுத்தது. தோகை முழுக்க ஒரே இழையாய்க் கையோடு வந்துவிட்டது. அடிநூல் மயிலின் கழுத்திலேயே தீர்ந்திருந்தது. மிச்சமெல்லாம் வெறும் ஊசி ஓட்டை.

சின்னது தன் மூலையில் ஓர் இலையைப் போட ஆரம்பித்துப் பாதியில் நின்றது. "அக்கா, அடிநூல் தீந்துபோச்சு" என்றது கூச்சத்தோடு.

பெரியது களுக்கென்று சிரித்தது.

போர்வை சட்டத்தில் இன்னும் நன்றாகக் கால்நீட்டிப் படுத்துக்கொண்டது.

"மாத்திக்கிட்டு வா தம்பி. நான் எங்கேயும் போகல."