வரவேற்பு வேண்டாம்

பழுகாமத்துப் பாடசாலை வாசலில் பிள்ளைகள் காலை எட்டு மணியிலிருந்து கொடியோடு நின்றார்கள். முன்னாள் மாகாணசபை உறுப்பினர் நோபேட் வந்து இறங்கியபோது மணி பத்தரை. அப்போதுதான் ஒரு சிறுமி வெயிலில் மயங்கி விழுந்திருந்தாள்.

அவர் கழுத்தில் போட வந்த மாலையை விலக்கிவிட்டு ஓடிப்போய் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தார். அவள் கண் விழித்ததும் அதிபர் பீற்றிஸிடம் திரும்பினார்.

“புள்ளைகள வெயிலில நிப்பாட்டாதீங்க எண்டு சொல்லத்தானே டீச்சர் நான் இப்ப ஊர் ஊராத் திரியிறன். எனக்கு வரவேற்பு வேணாமெண்டு கடிதம் போட்ட நான். கிடைக்கல்லயா?”

“கிடைச்சிது சேர். ரெண்டு தரம் வாசிச்ச நான்.”

“பிறகு ஏன் இப்படி?”

“பதவியில இருக்கக்குள்ளயும் இதே மாதிரி ஒரு கடிதம் போட்ட நீங்க. அப்ப நான் டவுன் பள்ளிக்கூடத்தில அதிபர். அத நம்பி ஒரு புள்ளையையும் வெளியில விடல்ல.”

“அதுக்கு?”

“அடுத்த கிழமையே என்ன இஞ்ச மாத்தின நீங்க சேர்.”

அவர் பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிக் கைகாட்டினார்.

“மாலையப் போட்டாத்தான் புள்ளைகள் உள்ள போகலாம்” என்றார் பீற்றிஸ்.

நோபேட் கழுத்தை நீட்டினார். பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தபடியே கைதட்டினார்கள்.