கறுப்புக் கட்டங்கள்

"எல்லா போஸ்டரையும் அழிச்சிட்டியா? ஐயோ, ரோரி!"

பிரீட்டின் குரல் உடைந்தது. மருமகன் ரோரி டிவியை நிமிர்ந்து பார்த்தான். படங்களின் போஸ்டர்கள் வரிசை வரிசையாக நிற்கும் திரையில் இப்போது கறுப்புக் கட்டங்கள். கீழே வெறும் பெயர்கள்.

"படம் ஒண்ணும் போகலை அத்தை. படமெல்லாம் சேர்த்து வச்சிருக்கிற நம்ம வீட்டு சர்வர்ல இடமே இல்லாம திணறிட்டு இருந்துச்சு. போஸ்டர், கதைச் சுருக்கம், நடிகர் மூஞ்சின்னு குட்டிக் குட்டி ஃபைலா அடைஞ்சு கிடந்துச்சு. துடைச்சு விட்டேன். நெட்ல இருந்து அதுவே மறுபடி எடுத்துக்கும்."

"எப்ப எடுக்கும்?"

"இந்தப் புயல்ல நெட்டு நொண்டிக்கிட்டுத்தான் வருது. ராத்திரி ஆயிடும்."

"ராத்திரியா! உன் மாமா இப்ப வந்துடுவார். இன்னிக்கு எந்தப் படகும் கடலுக்குப் போகலை. கூட்டாளிங்களையும் படம் பார்க்கக் கூட்டிட்டு வர்றார்."

"வரட்டுமே. பேர்தான் பளிச்சுன்னு இருக்கே."

"பேரை வச்சுக்கிட்டு என்ன பண்றது? ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கக் கூடாதா?"

"போஸ்டருக்குப் போய் யாராவது காப்பி எடுப்பாங்களா? மாமா சத்தம் போடுவார்னு பயமா? நான் சொல்லிக்கிறேன்."

"நீ ஒரு வார்த்தையும் பேசக் கூடாது!"

ரோரி திகைத்துப்போனான். இதுவரை அவனிடம் அதட்டிப் பேசாதவள். அவள் டீ ஊற்றச் சமையலறைக்குப் போனாள். திரையில் ஒரே ஒரு போஸ்டர் முளைத்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. மற்றதெல்லாம் கறுப்பு.

கதவைத் தள்ளிக்கொண்டு காற்றோடு ஃபின்டன் நுழைந்தார். பின்னாலேயே கில்லிபெக்ஸ் துறைமுகத்தில் அவரோடு வலை இழுக்கும் மூன்று பேர்.

"பிரீட், டீயைக் கொண்டா! இன்னிக்கு நம்ம வீடுதான் தியேட்டர்!"

ரிமோட்டை எடுத்துக்கொண்டு தன் நாற்காலியில் சாய்ந்தார். திரையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அந்த நீர்மூழ்கிக் கப்பல் படத்தைப் போடு, ஃபின்டன்," என்றான் அவர்களில் ஒருவனான டோனல்.

கட்டை விரல் வலப்பக்கம் போனது. கீழே போனது. திரும்பி வந்தது. ஃபின்டனின் பிடரியில் வியர்வை.

"எங்கே போய்த் தொலைஞ்சுது..."

"கண்ணுக்கு முன்னாடிதானேய்யா நிக்குது! கண்ணு அவிஞ்சு போச்சா?" டோனல் சிரித்தான். மற்ற இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். ஃபின்டன் சிரிக்கவில்லை.

உதவலாம் என்று ரோரி வாயைத் திறந்தான். அந்த நொடி டிவி அணைந்தது. விளக்குகளும் அணைந்தன.

"போச்சுடா! புயல் வேலையைக் காட்டிடுச்சு!" என்று டோனல் அலுத்துக்கொண்டான்.

"அதுக்கென்ன, பப்புக்குப் போவோம் வாங்க! முதல் ரவுண்டு என்னோடது!" ஃபின்டனின் குரலில் பழைய உற்சாகம் திரும்பியிருந்தது. நால்வரும் இரைச்சலாக வெளியேறினார்கள்.

ரோரி தட்டுத் தடுமாறி சமையலறைக்குப் போனான். மீட்டர் பெட்டியின் முன்னால் பிரீட் நின்றுகொண்டிருந்தாள். விரல் இன்னும் மெயின் சுவிட்சின் மேல்தான் இருந்தது.

"அத்தை! நீங்களா?"

அவள் சுவிட்சை மறுபடி மேலே தள்ளினாள். வீடு வெளிச்சமானது. அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"உன் மாமாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது, ரோரி," என்றாள். "அது எனக்குத் தெரியும்ங்கிறது, இந்த நிமிஷம் வரைக்கும் அவருக்குத் தெரியாது."